சுவருக்கு மேலே இரண்டடி

எங்கள் லைனில் சுவர்கள் கூரை வரைக்கும் போகாது. தங்கச் சுரங்கத்து ஆட்களுக்கு மைன்ஸ் கம்பெனி கட்டிய வீடுகள். ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக எட்டு வீடு. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேல் ஒரு சுவர், அதற்கு மேலே கூரை வரைக்கும் இரண்டடி வெறும் சந்து. வெள்ளைக்காரன் அதைக் கஞ்சத்தனத்தில் விட்டானா, காற்றோட்டத்துக்கு விட்டானா என்று எங்கள் அப்பா காலத்திலிருந்தே பேச்சு உண்டு. எப்படியோ, நாலாம் வீட்டில் மீன் வறுத்தால் ஏழாம் வீட்டுக்காரன் வெறும் சோற்றோடு உட்காரலாம். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு எட்டு வீடும் சாட்சி சொல்லும்.

போன குளிர்காலம் வந்தபோது எட்டில் ஆறு பூட்டிக் கிடந்தது. மாரிகுப்பம் ஸ்டேஷனில் காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்தவர்கள் ஒவ்வொருவராக அங்கேயே தங்கிவிட்டார்கள். மிச்சம் இருந்தது இரண்டு பேர். ஐந்தாம் வீட்டில் நான், ஏசுபாதம், வயது அறுபத்தொன்பது. ஆறாம் வீட்டில் பழனியம்மா, என்னைவிட நாலைந்து வயது சின்னவள். அவள் புருஷன் சின்னசாமியும் நானும் ஒரே ஷிப்டில் ஒரே கேஜ் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கினவர்கள். அவன் போய் ஒன்பது வருஷம். என் மனைவி ஃப்ளோரா போய் மூன்று வருஷம்.

ஃப்ளோரா இருந்தவரை பழனியம்மா பாதி நாள் எங்கள் அடுப்படியில்தான் இருப்பாள். ஃப்ளோராவை அடக்கம் செய்த பிறகு பழனியம்மா எங்கள் வாசலை மிதிக்கவில்லை, நானும் அவள் வாசலுக்குப் போகவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிவிடுவார்களோ என்று நாங்களே முன்கூட்டிப் பயந்துகொண்டோம். இந்த வயதில் என்ன பேர் கெட்டுவிடப் போகிறது என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் பெட்டிக்குள் வைத்து ஆணி அடிக்கிற வரைக்கும் பேர் கெடும். மூன்று நாளைக்கு ஒரு முறை விடியற்காலை ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் விடுவார்கள். அங்கே பார்த்தால், தண்ணி வந்துச்சா என்பேன், வந்துச்சு என்பாள். அவ்வளவுதான்.

ஆனால் அந்த இரண்டடி சந்து இருந்ததே. ஃப்ளோரா போய்ப் பத்து நாள் இருக்கும். காலையில் எழுந்து வழக்கம்போல இருமிக்கொண்டிருந்தேன். சுரங்கத்துத் தூசி தின்ற நெஞ்சு, பனி இறங்கினால் அடங்காது. அந்தப் பக்கம் பழனியம்மா புத்தம் சரணம் என்று தொடங்கி மூன்று சரணமும் சொல்லி முடித்துவிட்டு, சின்னசாமியின் படத்துக்கு முன்னால் நின்று பேசுவது கேட்டது.

"இன்னாங்க, வெறும் வயித்துல இப்டி இருமினா குடலு வெளிய வந்துடும். சுடுதண்ணில நாலு மிளகு தட்டிப் போட்டுக் குடிக்கச் சொல்லுங்க."

செத்துப்போனவனுக்கு எதற்கு மிளகுத் தண்ணீர் என்று ஒரு நிமிஷம் விழித்தேன். அப்புறம் புரிந்தது. தட்டிப் போட்டுக் குடித்தேன். குடித்துவிட்டு ஃப்ளோராவின் படத்தைப் பார்த்து, இப்ப தேவலை என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன். அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்று, மறுபடி ஆரம்பித்தது.

அப்படியே மூன்று வருஷம் ஓட்டினோம். அவள் சின்னசாமியிடம் சொல்வாள், நான் ஃப்ளோராவிடம் சொல்வேன். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் கத்தரிக்காய் சொத்தை என்பதும், பேரனுக்குப் பல் முளைத்தது என்பதும், நேற்று வந்த பேத்தமங்களா ஏரி மீன் நன்றாக இருந்தது என்பதும் இப்படித்தான் போய் வந்தன. இரண்டு படங்களும் நல்ல தபால்காரர்கள், ஒன்றைக்கூடத் தொலைத்ததில்லை. நாங்கள் ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசியதாக யாரும் சத்தியம் செய்ய முடியாது. காலை ஆறு மணிக்கு அவள் குரல் கேட்டால்தான் எனக்குப் பொழுது விடிந்ததாகக் கணக்கு.

குளிர்காலத்தில் அவள் வீட்டுக் கரிப்புகையும் அந்தச் சந்து வழியாகத்தான் வரும். சமையலுக்குக் காஸ் இருக்கிறது. ஆனாலும் மார்கழி தை இரண்டு மாதமும் குமுட்டி அடுப்பில் கரி போட்டுக் கனலவிட்டு, பாயின் காலடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குவாள். அவள் வீட்டுப் புகைபோக்கியைக் கூரைத் தகரம் மாற்றியபோது அடைத்துவிட்டார்கள். நாலாம் வீட்டுக்காரனும் ஏழாம் வீட்டுக்காரனும் பூட்டிப் போகும்போதே தங்கள் பக்கத்துச் சந்தைச் செங்கல் வைத்து மூடிவிட்டார்கள். ஜன்னலுக்கு அவளே பிளாஸ்டிக் தாள் ஒட்டிவிட்டாள். அதனால் புகை சுவர் ஏறி என் வீட்டுக்கு வந்து, என் அடுப்படிப் புகைபோக்கி வழியாக வெளியே போகும். என் வீடு சத்திரமா என்று ஃப்ளோராவிடம் நான் கோபித்துக்கொண்டதும் உண்டு. மறுநாள் அந்தப் பக்கத்திலிருந்து சாம்பிராணியும் சேர்ந்து வந்தது.

போன டிசம்பரில் எனக்கு இழுப்பு வந்தது. மூச்சை உள்ளே இழுத்தால் வெளியே வராது, வெளியே விட்டால் உள்ளே போகாது. நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். என் மகள் எலைன் பெங்களூரிலிருந்து ஓடி வந்தாள். கம்பெனியில் பெரிய வேலை, நாற்பது பேரை அதட்டுகிறவள், என்னையும் சேர்த்து நாற்பத்தொன்று ஆக்கிவிட்டாள். இந்தக் குளிர்காலத்தில் இன்னொரு தடவை இழுப்பு வந்தால் பேச்சே கிடையாது, வீட்டைப் பூட்டிவிட்டுப் பெங்களூர்தான் என்று டாக்டர் எதிரிலேயே சொல்லிவிட்டாள். டாக்டரும் தலையை ஆட்டினார்.

எனக்குப் போக விருப்பமில்லை. கோயில் இருக்கிறது, பென்ஷன் இங்கேதான் வருகிறது, லிப்டில் ஏறினால் தலை சுற்றும் என்று காரணம் அடுக்கினேன். மூவாயிரம் அடி கேஜில் இறங்கினவருக்கு மூன்று மாடி லிப்டில் தலை சுற்றுமா என்று கேட்டாள். உண்மைக் காரணத்தை நான் அவளிடம் சொல்லவில்லை. எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் இல்லை.

தினம் காலையில் போனுக்குக் குளிர்காலப் பத்தியம் என்று ஒரு பட்டியல் அனுப்புவாள். காதை மூடு, காலுறை போடு, வெயில் ஏறிய பிறகு குளி, வெந்நீர் குடி, குளிர்காற்று வரும் இடங்களை அடைத்து வை, மூடிய அறையில் கரி மூட்டாதே. கரி மூட்டாதே என்பதைப் படித்துவிட்டு, நம் வீட்டில் ஏது கரி என்று தள்ளிவிட்டேன். காற்று வரும் இடத்தை அடை என்பதுதான் மனசில் நின்றது. இந்த வீட்டில் குளிர் எங்கிருந்து வருகிறது என்று கைக்குழந்தையைக் கேட்டாலும் அண்ணாந்து காட்டும்.

ஜனவரி முதல் ஞாயிறு பழனியம்மா கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரத்தில் ஸ்டூல் போட்டு ஏறினேன். சிமெண்ட் சாக்கில் பழந்துணியைத் திணித்து, இரண்டடி சந்தை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை அடைத்தேன். மிச்சச் சந்துபொந்தில் டிவி வந்த பெட்டியின் தெர்மோகோல். வேலை சுத்தமாக இருந்தது. இருக்காதா பின்னே? இருபத்திரண்டு வருஷம் சுரங்கத்தில் எனக்கு அதுதானே வேலை. காற்று டிபார்ட்மெண்ட். எந்த லெவலில் எந்தக் கதவை மூடினால் காற்று எங்கே போகும் என்று பார்த்துப் பார்த்துத் திருப்பிவிடுகிறவன். காத்து ஏசுபாதம் என்றால்தான் மைன்ஸில் என்னைத் தெரியும்.

சாயங்காலம் அவள் திரும்பி வந்தாள். இன்னாங்க என்று ஆரம்பித்தது சாக்குக்கு அந்தப் பக்கம் மங்கலாகக் கேட்டது. பாதியில் நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு வீடு கதகதவென்று இருந்தது, நெஞ்சும் லேசாக இருந்தது. தூக்கம்தான் வரவில்லை. குளிருக்கு அடைத்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது என்று புரண்டு புரண்டு படுத்தேன். படத்திடம் சொன்னால் இனி கேட்காது. நேரில் சொல்லிப் பழக்கம் விட்டுப்போயிற்று.

மறுநாள் குழாயடியில் சொல்லிவிடலாம் என்று போனேன். அடுத்த லைன் ஐடா வந்து நின்றுகொண்டாள். அவள் காதில் விழுந்தது பத்து மணிக்குள் ஆண்டர்சன்பேட்டை தாண்டிவிடும். வாயை மூடிக்கொண்டு வந்தேன். வியாழக்கிழமை பழனியம்மா என்னைப் பார்க்கவேயில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டு குடத்தையும் எடுத்துப் போனாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நோயாளி குளிருக்கு ஒரு சாக்கைக் கூட வைக்கக்கூடாதா, இவளுக்கு என்ன இவ்வளவு ரோஷம் என்று நானும் முறுக்கிக்கொண்டேன். கேட்டால் சொல்லலாம், அவள் கேட்கட்டும் என்று இருந்தேன்.

அடுத்த ஞாயிறு மறுபடி தண்ணீர் நாள். அந்தக் குளிர்காலத்திலேயே மோசமான பனி. குழாயடியில் நிற்கிற ஆள் நிழலாகத்தான் தெரிந்தது. ஆறு மணி ஆனது, ஆறேகால் ஆனது, ஆறாம் வீட்டுக் குடங்கள் வரவில்லை. சின்னசாமியை எடுத்த மறுநாள்கூடத் தண்ணீர் பிடிக்க வந்தவள் அவள். ஐடா, ஊருக்குப் போயிருப்பாள் என்றாள். ஊருக்குப் போகிறவள் கதவு உள்ளே தாழ் போட்டிருக்குமா? தட்டினேன். பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை.

என் வீட்டுக்கு ஓடி ஸ்டூலில் ஏறி ஒரு சாக்கைப் பிடுங்கினேன். மந்தமான சூட்டோடு ஒரு காற்று முகத்தில் வந்து விழுந்தது. அந்தக் காற்றை எனக்குத் தெரியும். கண்ணில் படாது, நெஞ்சை எரிக்காது, சும்மா தூக்கம் வருவதுபோல ஆளைப் படுக்க வைத்துவிடும். காற்று வர ஒரு வழி வேண்டும், போக ஒரு வழி வேண்டும், ஒன்றை மூடுவதற்கு முன்னால் அந்தப் பக்கம் ஆள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு முதல் நாள் நான் சொல்லிக் கொடுத்த பாடம் இது. என் கையாலேயே அவள் வழியை மூடியிருக்கிறேன். மிச்சச் சாக்குகளையும் இழுத்துக் கீழே தள்ளினேன்.

ஸ்டேஷனில் சவாரி இறக்கிவிட்டு அடுத்த லைன் பையன் சைலஸ் ஆட்டோவோடு வந்துகொண்டிருந்தான். கையைக் காட்டி நிறுத்தினேன். கடப்பாரையால் ஜன்னலைப் பெயர்த்து பிளாஸ்டிக்கைக் கிழித்தோம். அவன் அப்படியே உள்ளே குதிக்கப் போனான், சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன்.

"மூச்சப் புடிச்சிகினு போ. கதவத் தெறந்துட்டு வெளிய வந்துடு. அவங்கள அப்பறம் தூக்கலாம்."

கதவு திறந்து காற்று ஓடியதும் இரண்டு பேரும் போய், படுத்திருந்த பாயோடு சேர்த்து வெளியே இழுத்தோம். அன்றைய குளிருக்கு இரட்டிப்பாகப் போட்ட கரி குமுட்டியில் இன்னும் கனன்றுகொண்டிருந்தது. மூச்சு இருந்தது, கூப்பிட்டதற்குக் கண் திறக்கவில்லை. ஆட்டோவின் பக்கத்துப் படுதாவைச் சுருட்டி மேலே கட்டச் சொன்னேன். ராபர்ட்சன்பேட்டை ஆஸ்பத்திரி வரைக்கும் அந்தப் பனிக்காற்று முழுவதும் அவள் முகத்தில் அடிக்கும்படி என் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போனேன். எந்தக் குளிருக்குப் பயந்து சாக்கு அடைத்தேனோ அந்தக் குளிரை, இன்னும் வா இன்னும் வா என்று கூப்பிட்டுக்கொண்டு போனேன். கர்த்தரையும் கூப்பிட்டேன், அவள் புத்தரையும் கூப்பிட்டேன்.

பிராணவாயு வைத்தார்கள். மத்தியானத்துக்கு மேல் கண் திறந்தாள். இன்னும் அரை மணி ஆகியிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அவள் மகன் பிரேம் பெங்களூரிலிருந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதான். மைன்ஸ்காரர் மூளை மூளைதான் என்று ஐடா வார்டு முழுக்கச் சொல்லி வைத்தாள். யார் யாரோ வந்து தோளைத் தட்டினார்கள். திருடனுக்கு மாலை போட்டால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பிரேம் மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தான். கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மூன்று வருஷத்தில் அவள் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் நிதானமாகப் பார்த்ததில்லை. இளைத்திருந்தாள்.

"பழனியம்மா, அந்தச் சந்த அடைச்சது நான்தான். உன் பொகை போறதுக்கு அது ஒண்ணுதான் வழின்னு எனக்குத் தெரியும். காத்து வேலை பாத்தவன். ரோசன பண்ணாம அடைச்சிட்டேன்."

அவள் முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

"அன்னிக்கே பாத்தேண்ணா. நான் தொணதொணன்னு பேசறது உங்களுக்குப் புடிக்காமப் போச்சாட்டம் கீதுன்னு நெனச்சிகினேன். சொல்லியிருந்தா நானே வாய மூடிகினு இருந்திருப்பேனே. அதுக்கு மூட்ட மூட்டயா வெச்சு அடைக்கணுமா?"

அதற்கில்லை, குளிருக்கு என்றேன். மறுபடி இழுப்பு வந்தால் எலைன் என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள், எனக்குப் போக இஷ்டமில்லை, அதனால்தான் அடைத்தேன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

"ஏன் இஷ்டமில்ல? அங்க பொண்ணு கீது, பேரப்புள்ளைங்கோ கீது. இங்க இன்னா கீது உங்களுக்கு?"

"நீ கீறியே."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. பக்கத்துக் கட்டில்காரி இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள். படுக்கட்டும் என்று இருந்தது. பழனியம்மா போர்வை ஓரத்தைப் பிடித்து மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள்.

"இத ஒரு வாரம் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா? நீங்க அடைச்ச அன்னிக்கி சாயங்காலமே பிரேமுக்குப் போன் பண்ணிட்டேன். பொங்கல் கழிச்சு வந்துடறேன்டா, இங்க எனக்கு யாருமில்லன்னு சொல்லிட்டேன். எத்தினி வருசமா கூப்ட்டுனு கீறான். அம்மாவால மாடி ஏற முடியாதுன்னு எனக்காகக் கீழ் வீடா பாத்து, சாமான்லாம் மாத்திட்டான். இப்ப எந்த மூஞ்சிய வெச்சிகினு வரலன்னு சொல்லுவேன்?"

பிரேம் மருந்துப் பையோடு படியேறி வந்தான். எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்திருந்தான். அம்மா என்ன சொல்றாங்க அங்கிள் என்று சிரித்துக்கொண்டே கேட்டான். கரி அடுப்பு வைக்காதே என்று சொல்லிக்கொண்டிருந்தேன் என்றேன். புது வீட்டில் அதற்கு அவசியமே இல்லை, ஹீட்டர் வாங்கியாகிவிட்டது என்றான். நல்ல பிள்ளை. அவன்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை அவளை ஆஸ்பத்திரியிலிருந்து காரில் பெங்களூருக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். வழியில் துணிமணி எடுக்க லைனுக்கு வந்தபோதுகூட பிரேம் அவளைக் காரை விட்டு இறங்க விடவில்லை. வெளியே குளிர், அம்மா உடம்புக்கு ஆகாது என்றான். கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தான். உள்ளே அவள் வாய் அசைந்தது தெரிந்தது. என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை.

அந்தக் குளிர்காலம் முடிகிறவரை எனக்கு ஒரு நாள்கூட இழுப்பு வரவில்லை. மார்ச் மாதம் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, இந்த வருஷம் உடம்பை நன்றாகக் காப்பாற்றிக்கொண்டீர்கள் என்று மெச்சினார். பக்கத்தில் நின்ற எலைனுக்கு ஒரே சந்தோஷம். அப்படியென்றால் நீங்கள் பெங்களூருக்கு வரவேண்டாம் அப்பா, உங்கள் இஷ்டப்படி இங்கேயே இருங்கள் என்று சொல்லிவிட்டுச் சாயங்கால ரயிலுக்குப் போய்விட்டாள்.